எந்தக் கடைன்னு கேக்காதீங்க, மணி என்னன்னு கேளுங்க: பொள்ளாச்சி எல்லையோரக் கள்ளுக்கடைகள்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டு ரோட்டில் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் தென்னை மாறாது, மண் மாறாது, பேச்சும் பெரிதாக மாறாது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் பல ஊர்களில் தமிழ்தான் வீட்டுப் பேச்சு. மாறுவது ஒரே ஒரு பலகை. கறுப்பு வெள்ளையில் மலையாள எழுத்தில் 'கள்ளு' என்று பெரிதாக, அதற்குக் கீழே டி.எஸ். (டோடி ஷாப், அதாவது கள்ளுக்கடை) என்று ஓர் எண். கடைக்குப் பெயரென்று பெரும்பாலும் எதுவும் இருக்காது. ஊர்ப் பெயரோ பக்கத்துத் தோப்புக்காரர் பெயரோதான் அடையாளம்.

மீனாட்சிபுரம், கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று எல்லையை ஒட்டி இருக்கிற இந்தக் கடைகளைப் பற்றித்தான் இந்த விமர்சனம். கடைக்குக் கடை நட்சத்திரம் போடவில்லை. உரிமம் கை மாறும், சமையல்காரர் மாறுவார், போன வருசம் நன்றாக இருந்த கடை இந்த வருசம் இருக்காது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. காலை பத்து மணிக்கு ஒரு கடையும் மாலை ஐந்து மணிக்கு அதே கடையும் ஒன்றல்ல. கள்ளு என்பது தயாரித்து மூடி வைத்த சரக்கு இல்லை. ஊற்றி வைத்த டம்ளருக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கிற சரக்கு. நல்ல கடையில் கெட்ட நேரத்துக்குப் போனால் கெட்ட கள்ளுதான் கிடைக்கும்.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஏன் இல்லை என்பது கொங்குநாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளு இறக்கவும் விற்கவும் தடை. டாஸ்மாக்கில் பிராந்தி விற்கலாம், தன் தோப்புத் தென்னையில் விவசாயி பாளை சீவினால் வழக்கு. கள் இயக்கத்து செ. நல்லசாமி வருசக்கணக்காக மேடைக்கு மேடை கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். வேர்வாடல் நோயும் வெள்ளை ஈயும் காய்ப்பைக் குறைத்துவிட்ட இந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடியிருக்கிறது. சித்தூர்ப் பக்கத் தோப்புகளில் அதே ரக மரத்தில் முட்டி, அதாவது கள்ளு வடிகிற பானை, தொங்குகிறது. கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு விடியற்காலை கேன் கேனாகக் கள்ளு போவதும் இங்கிருந்துதான். அதனால் எல்லையோரக் கடைக்கு ஒரு பெரிய அனுகூலம்: மரத்துக்கும் மேசைக்கும் நடுவில் தூரம் குறைவு. ஆலப்புழையில் கடை அழகாக இருக்கும், காயல் காற்று வரும். அந்தக் கள்ளு பாலக்காட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் குலுங்கி வந்ததாக இருக்கவும் வாய்ப்புண்டு.

நேரக் கணக்கு

பாளை வெடிப்பதற்கு முன் கயிறு சுற்றிக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டித் தட்டிப் பக்குவப்படுத்தி, நுனியைச் சீவிவிட்டால் சாறு சொட்ட ஆரம்பிக்கும். இரண்டு மூன்று வாரம் பிடிக்கிற வேலை. அதற்குப் பிறகு தினமும் காலையும் மாலையும் மரமேறி ஏறி, தேங்கியதை இறக்கி, நுனியை ஓர் இழை மட்டும் சீவிவிட்டு வர வேண்டும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். நல்ல மரம் ஒன்று நாளைக்கு ஒன்றரை இரண்டு லிட்டர் தரும்.

சொட்டும்போது அது சர்க்கரைத் தண்ணீர்தான். நூறு மில்லியில் 12 முதல் 15 கிராம் வரை சர்க்கரை, சாராயம் (ஆல்கஹால்) துளியும் இல்லை. முட்டியில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அப்படியே இருக்கும், அதுதான் தெளுவு. சுண்ணாம்பு இல்லாத முட்டியில் விழுந்த நிமிடத்திலிருந்து புளிப்பு தொடங்கும். கள்ளு முட்டியை யாரும் சோப்புப் போட்டுக் கழுவுவதில்லை. புளித்த மாவில் ஒரு கரண்டி விட்டு அடுத்த மாவைக் கரைத்து வைக்கிற மாதிரி, நேற்றைய ஈஸ்ட் முட்டிச் சுவரிலேயே இருந்து இன்றைய சாற்றைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே காலை ஏழு மணிக்கு இறங்குகிற கள்ளு, முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு விழுந்த துளியும் ஐந்து நிமிடத்துக்கு முன் விழுந்த துளியும் கலந்த ஒன்று. இறக்கும்போதே லேசாகப் புளித்திருக்கும். எட்டரை, ஒன்பதுக்குக் கடைக்கு வரும்போது இனிப்பு தூக்கலாக, அடியில் ஒரு மெல்லிய புளிப்போடு இருக்கும். இதைத்தான் மதுரக்கள்ளு என்பார்கள். பதினோரு மணிக்கு இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும், நுரை பொடிப்பொடியாக ஏறும். கள்ளு தெரிந்தவர்கள் குடிக்கிற நேரம் இது. ஒரு மணிக்கு மேல் இனிப்பு இறங்கிச் சாராயம் ஏறும். மூன்று மணிக்கு மேல் காலைக் கள்ளு மூத்த கள்ளு. நாக்கைச் சுருக்கும், ஏப்பம் புளிக்கும். மறுநாளைக்கு அது காடியை நோக்கி நடக்கும். ஆப்ப மாவுக்கு ஊற்றலாம், குடிக்க ஆகாது.

மாலை இறக்கியது கடைக்கு வரும்போது ஐந்தரை, ஆறு ஆகிவிடும். பகலில் சொட்டியது என்பதால் வெயில் சூட்டில் வேகமாகப் புளித்திருக்கும். கடை எட்டு மணிக்கு மூட வேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு மணி நேரக் கூட்டத்தில் புதுசும் பழசும் ஒரே பேரலில் கலப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. மாலை போகாதீர்கள் என்பதே எங்கள் தீர்ப்பு. பதினொன்றுக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பத்துக்கே.

மாதமும் கணக்கில் வரும். ஐப்பசி கடைசியிலிருந்து தை முடிய நல்ல காலம். காலைக் குளிரில் புளிப்பு மெதுவாக ஏறுவதால் பன்னிரண்டு மணிக்குக்கூட மதுரம் மிச்சமிருக்கும். பங்குனி சித்திரையில் மேலே சொன்ன மணிக் கணக்கையெல்லாம் இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மரத்தை ஆட்டும், மழைத் தண்ணி முட்டிக்குள் இறங்கும். அந்த மாதத்துக் கள்ளு நீர்த்திருந்தால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் வானத்தைப் பாருங்கள். பனங்கள்ளு மாசிக்கு மேல்தான். தென்னங்கள்ளைவிட மணம் கூடுதல், அடர்த்தி குறைவு. கேட்டால் மட்டும் சொல்வார்கள், எல்லாக் கடையிலும் இருக்காது.

கேட்பது எப்படி

"நல்ல கள்ளு இருக்குங்களா?" என்று கேட்டால் "நல்லதுதான் சாரே" என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்வியால் ஒரு பிரயோசனமும் இல்லை. "காலைல எறக்குனதுங்களா, நேத்து அந்திக்கு எறக்குனதுங்களா?" என்று கேளுங்கள். அந்திக்கள்ளு என்ற சொல் அவர்களிடமும் உண்டு. கேட்கிறவருக்கு விவரம் தெரியும் என்று புரிந்த மாத்திரத்தில் பேரல் மாறும். அடுத்து, "இளசா, மூத்ததா?" இரண்டும் இருந்தால் முதலில் இளசு அரை டம்ளர் வாங்கி ருசி பாருங்கள். தர மறுக்கிற கடையில் உட்கார வேண்டியதில்லை.

பல கடைகளில் பீர் பாட்டிலில் ஊற்றித் தருவார்கள், ஏறக்குறைய 650 மில்லி. சில இடத்தில் ஜக்கு. விலை பலகையில் இருக்கும். கள்ளுக்கு ஒரு பில், சாப்பாட்டுக்கு ஒரு பில் என்று வருவது சகஜம். சமையல்கட்டை வேறு ஆளுக்குக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்துக் கொடுங்கள்.

எவ்வளவு குடிக்கலாம் என்பதில்தான் நம்ம ஊர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். "கள்ளுதானே, இளநி மாதிரி" என்று நினைப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தென்னங்கள்ளில் 8.1 சதவீதம் வரைக்கும் சாராயம் இருக்கலாம் என்று கேரள அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. மூத்த கள்ளு அந்த அளவை நெருங்கும். 8 சதவீதம் என்றால் 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி சுத்தச் சாராயம். டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லியில், 42.8 சதவீதத்துக்கு, 77 மில்லி. அப்படியென்றால் மூத்த கள்ளு ஒன்றரை பாட்டில் ஒரு குவார்ட்டருக்குச் சமம். இரண்டு பாட்டில் அதற்கும் மேலே. பதினோரு மணி இளங்கள்ளு 4, 5 சதவீதத்தில் நிற்பதால் ஒரு பாட்டிலுக்கு முப்பது மில்லிதான். ஆனால் அதில் சர்க்கரை மிச்சம் இருக்கும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு இளசும் ஆகாது, மூத்ததும் ஆகாது.

வயிற்றுக்குள் போன பிறகும் பொங்குகிற சமாச்சாரம் இது. வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் உப்பிக்கொண்டு சாப்பாடு இறங்காது. ஆளுக்கு ஒரு பாட்டில், ஒரு மணி நேரம், நடுவில் கிழங்கும் கறியும். அதற்குமேல் சொல்ல எங்களுக்கு மனசில்லை. இதோடு பீர், பிராந்தி எதையும் கலக்காதீர்கள். பக்கத்து மேசைக்காரர் கலந்து குடிப்பார், அவர் பாடு.

கலப்படம்

இந்தப் பகுதியில் மரம் பக்கத்திலேயே இருப்பதால் மற்ற மாவட்டங்களைவிடக் கலப்படத்துக்குத் தேவை குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. பண்டிகை நாளிலும் ஞாயிறு மதியத்திலும் கேட்பு கூடும், மரம் அன்றைக்கென்று கூடுதலாகச் சுரக்காது. மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் போதும்.

தண்ணி சேர்த்தால் வெள்ளை வெளிறும், நுரை சட்டென்று அடங்கும். அதை மறைக்கச் சாக்கரின் போடுவார்கள். நிஜக் கள்ளின் இனிப்பு நாக்கின் நுனியில் தொடங்கிப் புளிப்பில் முடியும். சாக்கரின் இனிப்பு விழுங்கிய பிறகும் நாக்கிலேயே நின்று கடைசியில் கசக்கும். மாவு கரைத்திருந்தால் பத்து நிமிடத்தில் டம்ளர் அடியில் கெட்டியாகப் படியும். நல்ல கள்ளிலும் வண்டல் உண்டு, ஆனால் ஆட்டினால் மேகம் மாதிரி எழும்பும், கட்டியாக ஒட்டாது. தொண்டை எரிந்தால் ஸ்பிரிட். அங்கேயே வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். 2010-ல் மலப்புறம் மாவட்டத்தில் விஷம் கலந்த கள்ளு குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஐம்பது நூறு ரூபாயைப் பார்க்கிற இடம் இதுவல்ல. மயக்க மாத்திரைச் சரக்கைச் சேர்ப்பதாக வருகிற வழக்குகளும் உண்டு. அதை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. அரை பாட்டிலுக்கே கண் சொருகுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் காரணம் கள்ளு அல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எளிய சோதனை ஒன்று: மணியும் ருசியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். மதியம் மூன்று மணிக்கு "காலைல எறக்குனது" என்று தருகிற கள்ளு தேனாக இனித்தால் ஏதோ ஒன்று பொய். ஒன்று நேரம் பொய், இல்லை இனிப்பு பொய்.

எறும்பும் தேனீயும் மிதந்தால் முகம் சுளிக்க வேண்டாம், முட்டியில் விழத்தான் செய்யும். வடிகட்டாமல் ஊற்றியதுதான் குற்றம். வெள்ளைத் துணியில் இன்னொரு முறை வடித்துக் கேளுங்கள். வௌவால் விஷயம் வேறு. இரவில் முட்டியில் வாய் வைக்கும். 2018-லிருந்து கேரளத்தில் நிபா அவ்வப்போது தலை காட்டுகிறது. பாலக்காடு, மலப்புறம் பக்கம் நிபா எச்சரிக்கை இருக்கிற வாரங்களில் இந்தப் பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

சாப்பாடு

நாங்கள் இந்தக் கடைகளுக்கு மதிப்பெண் போடுவது பாதிக்குமேல் சமையல்கட்டுக்குத்தான். முதலில் சொல்லில் ஒரு தகராறு. கொங்குநாட்டில் கறி என்றால் ஆட்டுக்கறி. அங்கே கறி என்றால் குழம்பு. "கறி போடுங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் ஒரு கிண்ணம் மீன் குழம்பு வந்து உட்காரும். இறைச்சி வேண்டுமென்றால் எறச்சி என்று சொல்லுங்கள். உலர்த்தியது என்றால் நம்ம வறுவல். வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணி, பதற வேண்டாம்.

கப்பை, அதாவது நம்ம குச்சிக்கிழங்கு. சேலம், நாமக்கல் சேகோ ஆலைக்குப் போகிற கிழங்கையும் இதையும் போட்டுக் குழப்பக் கூடாது. இது சமையலுக்கென்று இருக்கிற கசப்பில்லாத ரகம். நன்றாகச் செய்கிற கடையில் துண்டு போட்டு, வெந்த தண்ணியைக் கொட்டிவிட்டு, மஞ்சள், தேங்காய், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம் சதைத்துப் போட்டுக் கட்டையால் உடைத்துக் கிளறியிருப்பார்கள். உடைத்தும் உடையாமலும் இருக்க வேண்டும். களி மாதிரி ஆகிவிட்டால் நேற்றையதைச் சூடு பண்ணியது. வேகாத துண்டு நடுவில் நறுக்கென்றால், அல்லது வெட்டிய பக்கத்தில் நீலக் கறுப்பு நரம்பு ஓடினால், தோண்டி நாளான கிழங்கு. மண்ணிலிருந்து எடுத்த மூன்றாம் நாளே அந்தக் கோடு விழும். திருப்பிக் கொடுங்கள். ஒரு தட்டு இரண்டு பேருக்குப் போதும். கள்ளுக்கு அடித்தளம் இதுதான், முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மீன் குழம்பு சிவந்து, குடம்புளி போட்டு, மண்சட்டியில் வரும். முந்தின நாள் குழம்பு என்றால் குறை சொல்லாதீர்கள், குடம்புளிக் குழம்பு இரண்டாம் நாள்தான் ருசி பிடிக்கும். எந்த மீன் என்பதில் கவனம் வேண்டும். இது கடலோரம் இல்லை. மத்தி, நெத்திலி வண்டியில் வருவது, காலையில் வந்ததா என்று கேட்டுக்கொண்டு வாங்கலாம், மத்தி சீக்கிரம் கெடும். கரிமீன் என்று எழுதியிருந்தாலும் அதைக் காயலோரத்தில் போய்ச் சாப்பிடுங்கள். இங்கே கேட்க வேண்டியது அணை மீன். மலம்புழா, மீன்கரை, இந்தப் பக்கம் ஆழியாறு என்று சுற்றிலும் அணைகள். கட்லா, ரோகு, ஜிலேபி இந்த மூன்றில் எது அன்றைக்கு வந்ததோ அது. ஜிலேபியை முழுசாகக் கீறி மிளகுப் பொடி தடவிப் பொரித்தது இந்தக் கடைகளின் சிறந்த பதார்த்தங்களில் ஒன்று. சேற்று வாடை அடித்தால் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவவில்லை என்று பொருள்.

மாட்டிறைச்சி உலர்த்தியது தேங்காய்ப் பல்லோடு, மிளகும் பெருஞ்சீரகமும் தூக்கலாக, கறுத்து வர வேண்டும். தேங்காய்ப் பல்லைப் பார்த்ததும் பள்ளிபாளையம் ஞாபகம் வரும். ஆனால் ருசி வேறு. பள்ளிபாளையம் சிக்கனில் காரம் முழுக்க வரமிளகாயிலிருந்து வரும், மசாலாப் பொடிக்கு அங்கே வேலையில்லை. இங்கே மல்லியும் மிளகும் கரம் மசாலாவும் உண்டு, வதக்கல் தேங்காயெண்ணெயில். எண்ணெய் பழசா என்று முதல் வாயில் தெரிந்துவிடும், சிக்குப் பிடித்த வாடை அடிக்கும். கறுப்பு நிறம் மிளகால் வந்ததா, பழைய எண்ணெயால் வந்ததா என்பதை விரலில் தொட்டுப் பார்த்தால் சொல்லிவிடலாம்.

நாட்டுக்கோழியில் எல்லையோரக் கடைகள் நம்ம பக்கத்துக்குச் சாய்ந்துவிட்டன. சிந்தாமணிச் சிக்கன் பாணியில் வரமிளகாயும் சின்ன வெங்காயமும் மட்டும் போட்டு வறுத்துத் தருகிற கடைகளும் இருக்கின்றன. சொல்லி இருபது நிமிடத்தில் வந்தால் அது நாட்டுக்கோழி இல்லை, அல்லது காலையிலேயே வேக வைத்தது. நிஜ நாட்டுக்கோழி முக்கால் மணி நேரமாவது கேட்கும். அதனால் உட்கார்ந்ததும் கோழியைச் சொல்லிவிட்டுப் பிறகு கிழங்கைச் சொல்லுங்கள். தாராவு என்றால் வாத்து. கொழுப்பு ஜாஸ்தி, இளங்கள்ளோடு திகட்டும், சற்றே மூத்ததோடு நன்றாகச் சேரும். போட்டி, அதாவது நம்ம குடல், காலையில் கழுவியதாக இருந்தால் மட்டும். ஞாயிறு காலை பதினொன்றுக்குள் ரத்தப் பொரியல் கிடைக்கிற கடைகள் உண்டு. மதியத்துக்கு மேல் கேட்காதீர்கள், கெட்டுவிட்டிருக்கும்.

கறி சாப்பிடாதவர்களுக்குக் கப்பையும் கடலையும் ஊறுகாயும்தான். அந்த ஊறுகாயும் பாதிக் கடையில் பாக்கெட்டு. கப்பைக்குத் தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் சேர்த்து நசுக்கித் தேங்காயெண்ணெய் விட்ட சம்மந்தி, அதாவது நம்ம துவையல், கேட்டுப் பாருங்கள். பலகையில் எழுதியிருக்காது, கேட்டால் செய்து தருவார்கள். எங்களைக் கேட்டால் மேசையிலேயே ருசியானது அதுதான்.

உட்கார்வது, திரும்புவது

கடை என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்டுத் திட்டு, பிளாஸ்டிக் நாற்காலி. நகரத்தைப் பார்த்துப் போட்ட சில புதுக் கடைகளில் ஓலைத் தடுப்பு போட்ட குடும்ப அறை உண்டு. வீட்டுப் பெண்களோடு போகிறவர்கள் அதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு போவது நல்லது. பழைய கடைகளில் கழிப்பறை நிலைமை சொல்லும்படி இல்லை. கை கழுவுகிற இடத்தையும் சமையல்கட்டையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு உட்காருங்கள். எட்டிப் பார்த்தால் முகம் சுளிக்காத கடை நல்ல கடை. கேரளத்தில் 23 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. கல்லூரிப் பையன்கள் கூட்டமாக வந்தால் அடையாள அட்டை கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

குறைகளில் பெரியது ஞாயிறு மதியம். கோவை, திருப்பூர் வண்டிகள் வரிசை கட்டும். மேசை கிடைக்க முக்கால் மணி, கோழிக்கு இன்னொரு முக்கால் மணி, அதற்குள் காலைக் கள்ளு தீர்ந்து என்ன வருகிறதென்று யாருக்கும் தெரியாது. செவ்வாய், புதன் காலைக்கு ஈடு இல்லை.

போவது சுலபம். பொள்ளாச்சி பேருந்து நிலையத்திலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டுக்கும், மீனாட்சிபுரம் பக்கமும் பஸ் இருக்கிறது. கோவையிலிருந்து வேலந்தாவளத்துக்கும் உண்டு. பஸ்ஸையே நம்புங்கள், இல்லை குடிக்காத ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஓட்டுபவர் ரத்தத்தில் நூறு மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் குற்றம். முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு பாட்டில் மூத்த கள்ளே பெரும்பாலானவர்களை அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடும். வரும் வழியில் ஊதச் சொல்கிற இடம் எதுவென்று எல்லாக் காவலருக்கும் தெரியும்.

வீட்டுக்கு ஒரு பாட்டில் வாங்கி வரலாமா என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. கேரளத்துக்குள் ஒருவர் ஒன்றரை லிட்டர் வரை கையில் வைத்திருக்கலாம். எல்லை தாண்டிய அடுத்த அடியிலேயே அது மதுவிலக்குச் சட்டத்தில் குற்றம், அளவு எவ்வளவு என்பது பேச்சே இல்லை. சட்டத்தை விடுங்கள், சரக்கே ஒத்துழைக்காது. மூடியை இறுக்கினால் வாயு ஏறிக் கிணத்துக்கடவு வருவதற்குள் பாட்டில் வெடிக்கும். தளர்த்தி வைத்தால் சீட்டெல்லாம் நுரை. இரண்டையும் சமாளித்து வீடு சேர்த்தாலும் அதற்குள் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். ஊற்றிப் பார்த்தால் காலையில் ருசித்த கள்ளாக அது இருக்காது.